குழிநரியிலிருந்து தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்ததும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கொஞ்சம் கோபம் வந்தது. இரண்டும் ஆறட்டும் என்று மேசை மேலேயே வைத்திருந்தேன். ‘ஆகஸ்டில் கென்யா போகிறேன் அண்ணா. சிங்கம், யானையெல்லாம் எல்லாரும் பார்க்கிறதுதான். யாரும் அதிகம் கவனிக்காத மிருகமாக ஒரு பத்து எழுதிக் கொடுங்கள், பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்கிறாய். சந்தைக்குப் போகிறவனுக்கு எழுதித் தரும் சீட்டா இது? கத்தரிக்காய் ஒரு கிலோ, எறும்புத்தின்னி ஒன்று, மலிவாக இருந்தால் கழுதைப்புலி அரை.

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தாய், போடவில்லை. அரூர்க்காரன் என்பதை மட்டும் மறைக்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தில் பாதி அதைப் பற்றித்தான்.

சஃபாரிக்குப் போகிறவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. ‘பெரிய ஐந்து’ என்பார்கள். இதைப் போட்டது யார் தெரியுமா? துப்பாக்கியோடு அலைந்த அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள். நடந்துபோய்ச் சுடுவதற்கு எதெல்லாம் உயிருக்கு ஆபத்தோ, அதெல்லாம் அந்த ஐந்தில் இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கி இல்லை, கவனித்தாயா? வரிக்குதிரை இல்லை. வேட்டைக்காரன் போய்விட்டான், அவனுடைய பட்டியலைச் சுற்றுலாக் கம்பெனிகள் வைத்துக்கொண்டன. ‘சஃபாரி’ என்ற சொல்லுக்கு சுவாஹிலியில் பயணம் என்றுதான் அர்த்தம். அரபியிலிருந்து வந்த சொல். நம் ஊரில் அது உன் அப்பா கல்யாண வரவேற்பில் போட்டிருந்த கோட்டு மாதிரியான சட்டை. அந்தப் படத்தை நான் மறக்கவில்லை.

நானும் பெரிய ஐந்தோடு போனவன்தான். மகள் நைரோபியில் இருந்தபோது மாசாய் மாராவுக்கு ஒரு வேனில் போனோம், ஏழு பேர். ஓட்டுநர் ஒரு மேட்டருகே வண்டியை நிறுத்தி, புல்லுக்குள் ஒரு வளையைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதே நேரம் வயர்லெஸ்ஸில் சிங்கம் என்று செய்தி வந்தது. ‘போங்க, போங்க’ என்று முதலில் கத்தியது யார் என்று நினைக்கிறாய்? போய்ச் சேர்ந்தால், இருபது வேன்களுக்கு நடுவே ஒரு பெண்சிங்கம் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. நம் வீட்டுப் பூனை மத்தியானம் தூங்குமே, அதே தூக்கம். நாற்பது நிமிடம் அதன் வயிற்றைப் பார்த்தோம். ஊர் திரும்பிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், அந்த வளைப் பக்கம் எடுத்த ஒரு படத்தின் மூலையில் புல்லுக்கு மேலே இரண்டு காதுகள் தெரிந்தன. வெற்றிலை அளவுக் காதுகள். அவ்வளவுதான், முகம்கூட இல்லை.

அது வௌவால்காது நரி. தரைக்கு அடியில் கறையான் அரிப்பதையும் வண்டுப்புழு நெளிவதையும் காதால் கேட்டுத் தோண்டித் தின்கிற நரி. தலையைச் சாய்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவரில் காது வைத்துக் கேட்பவர் மாதிரி நிற்குமாம். அதைத்தான் அந்த மனிதர் காட்டினார். ‘போங்க, போங்க’ என்று கத்தியவன் நான். ஆகவே உன்னைத் திட்டுகிற உரிமை எனக்கு முழுதாக இருக்கிறது.

பெரிய ஐந்துக்குப் போட்டியாக ‘சிறிய ஐந்து’ என்று ஒன்றைக் கொஞ்சம் குறும்பாகவே வைத்திருக்கிறார்கள். பெரிய ஐந்தில் இருக்கும் பெயரெல்லாம் இதிலும் வரவேண்டும், ஆனால் பிராணி சின்னதாக இருக்க வேண்டும். யானைமூஞ்சூறு, காண்டாமிருக வண்டு, எருமைத் தூக்கணாங்குருவி, சிறுத்தை ஆமை. ஐந்தாவதாகச் சிங்கத்தின் இடத்தில் இருப்பது எது? ஆங்கிலத்தில் அதை எறும்புச் சிங்கம் என்பார்கள். நாம் சொல்வது குழிநரி.

இப்போது ஞாபகம் வருகிறதா? உன் பாட்டி வீட்டுத் திண்ணை ஓரம், மழை படாத இடத்தில், மாவு மாதிரிப் புழுதி. அதில் புனல் வடிவில் குட்டிக் குட்டிக் குழிகள். நீ குப்புறப் படுத்துக்கொண்டு கட்டெறும்பு ஒன்றைப் பிடித்து உள்ளே விடுவாய். எறும்பு ஏற ஏற மணல் சரியும். அடியிலிருந்து யாரோ மணலை வாரி மேலே எறிவது தெரியும். பிறகு ஒரு கொடுக்கு. எறும்பு காணாமல் போகும். பள்ளிக்கூட மணி அடித்தும் எழுந்திருக்காமல் அடி வாங்கியிருக்கிறாய். அந்தப் பூச்சியைப் பார்ப்பதற்காக ஆப்பிரிக்காவில் வெளிநாட்டுக்காரர்கள் வழிகாட்டியோடு முட்டி போட்டு உட்காருகிறார்கள் தம்பி. ஆறு வயதில் நீ நல்ல சஃபாரிக்காரன்தான். இடையில் என்ன ஆயிற்று என்றுதான் தெரியவில்லை.

‘ஆரம்பித்துவிட்டார், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறேன் என்று பழமொழி சொல்லப் போகிறார்’ என்று முணுமுணுக்கிறாய். சொல்ல மாட்டேன். கென்யாவுக்குப் போ, கட்டாயம் போ. கடன் வாங்கியாவது போ என்றுகூடச் சொல்வேன், உன் மனைவி இதைப் படிக்கமாட்டாள் என்றால். நான் சொல்வது வேறு. நீ கேட்கிற பிராணிகள் எல்லாம் சிறியவை, பாதிக்கு மேல் இரவில் நடமாடுபவை, வளையிலோ மரப்பொந்திலோ பகலைக் கழிப்பவை. அவற்றைப் பார்க்கக் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். நாலு நாள் டிக்கெட்டில் அந்தப் பழக்கம் சேர்ந்து வராது. அதை இங்கே அரூரிலேயே பழகிக்கொண்டு போகலாம். நீ கேட்கிறவற்றில் பலதுக்கும் சொந்தக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள்.

புற்றில் ஆரம்பி. மாராவிலும் சரி, நம் சித்தேரி மலை அடிவாரத்திலும் சரி, கறையான் புற்றுதான் காட்டின் சத்திரம். ஆர்ட்வார்க் என்று ஒரு பிராணி ஆப்பிரிக்காவில் உண்டு: கழுதைக் காது, பன்றி மூக்கு, கங்காரு வால். ‘மண்பன்றி’ என்பது அந்தப் பெயரின் பொருள். விலங்கியலில் அதன் வரிசைக்கு அது ஒன்றுதான் மிச்சம். அண்ணன் தம்பி யாரும் இல்லை. இரவு முழுக்கப் புற்றுகளைப் பிளந்து தின்கிறது. அது தோண்டிவிட்டுப் போன வளைகளில் காட்டுப்பன்றி, கழுதைப்புலி, முள்ளம்பன்றி, மலைப்பாம்பு எல்லாம் குடியேறுகின்றன. வாடகை வாங்காத வீட்டுக்காரர். கழுதைப்புலிக் குடும்பத்தில் ஆர்ட்வுல்ஃப் என்று ஒரு சாது இருக்கிறது. எலும்பு கடிக்கிற வம்சத்தில் பிறந்து, ஒரே இரவில் இரண்டு லட்சத்துக்கு மேல் கறையானை நக்கித் தின்றே வயிற்றைக் கழுவுகிறது. முன்பு சொன்ன வௌவால்காது நரியும் இதே சத்திரத்து வாடிக்கை. எறும்புத்தின்னியும்தான்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. புதிதாகப் பிளந்த புற்று, ஈரம் காயாத மண் தெரிந்தால் வண்டியை நிறுத்தச் சொல். ஐந்து நிமிடம். இங்கே நம்மவர்கள் புற்றைக் கண்டால் பாம்பு என்று பாலூற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் புற்றைக் கட்டியவர் யார், உடைக்க வந்தவர் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. வள்ளிமதுரை வரட்டாறு அணைப் பக்கம் காலை ஆறு மணிக்கு நட. புற்றின் அடியில் குடைந்த துளையும், பக்கத்தில் ஆழமான நகக்கீறலும் இருந்தால் இரவு யாரோ சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த யாரோ எறும்புத்தின்னியாக இருக்கலாம். பெரியவர்கள் அழுங்கு என்பார்கள். உலகத்தில் மொத்தம் எட்டு வகை: நான்கு ஆசியாவில், நான்கு ஆப்பிரிக்காவில். பல்லே கிடையாது, நீளமான பசைநாக்குதான் கை, கரண்டி எல்லாம். குட்டி தாயின் வாலடியில் தொற்றிக்கொண்டு சவாரி செய்யும். கென்யாவில் இருக்கும் ஒரு வகை, முன்னங்கால்களை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு பின்னங்காலில் நடக்கும். கையைக் கட்டிக்கொண்டு தெருவில் போகிற ஓய்வுபெற்ற தாசில்தார் மாதிரி. ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிங்கம் அதை உருட்டி உருட்டிப் பார்த்து, கடித்துப் பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிடும். மனிதனுக்கு அந்தப் பந்து பலாப்பழம் மாதிரி. சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறான். கோடிக்கணக்கான வருடம் வேலை செய்த தந்திரம் ஒரு சாக்குப் பையிடம் தோற்றுப்போயிற்று.

2019 ஏப்ரலில் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரே வாரத்தில் பிடிபட்ட எறும்புத்தின்னிச் செதில் மட்டும் 25 டன்னுக்கு மேல். நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 2016-ல், எட்டு வகைக்கும் உலக வணிகத் தடை முடிவாகியிருந்தது. செதிலில் இருப்பது என்ன? கெரட்டின். உன் நகத்தில் இருப்பதுதான். வலிக்கு அது மருந்து என்று எவனாவது சொன்னால், அவனவன் நகத்தைக் கடித்து விழுங்கச் சொல். இதை ஏன் உன்னிடம் சொல்கிறேன் என்றால், உனக்கு எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் நண்பர்கள். மண்ணுளிப் பாம்புக்குக் கோடி ரூபாய், இரண்டு தலை என்று ஒருவன் வந்தபோது நீ ‘கேட்டுப் பார்ப்போமே’ என்றவன். இரண்டு தலை இல்லையப்பா, வால் மழுங்கலாக இருக்கிறது. அவ்வளவுதான். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அடுத்து இரவு. இங்கேதான் நீ பெரிய தப்புச் செய்யப் போகிறாய், நிச்சயம் தெரிகிறது. மாசாய் மாராவின் அரசுக் காப்பகத்துக்குள் இருட்டின பிறகு வண்டி ஓட்ட விடமாட்டார்கள். நீ அங்கேயே நான்கு நாளும் அறை போட்டுவிட்டு, ராத்திரிப் பிராணி ஒன்றும் வரவில்லையே என்று எனக்கு எழுதுவாய். காப்பகத்தை ஒட்டி மாசாய் மக்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கன்சர்வன்சிகள் இருக்கின்றன: நபோய்ஷோ, மாரா நார்த் இப்படி. அங்கே இரவுச் சவாரி உண்டு. வாடகை கூடுதல்தான். நான்கில் இரண்டு இரவை அங்கே மாற்று. ஒரு வேளை சிங்கத்தைத் தியாகம் செய். ஆர்ட்வார்க் கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பல வருடம் ஓட்டுகிற ஓட்டுநர்களே விரல் விட்டு எண்ணுவார்கள். புனுகுப்பூனை, முள்ளம்பன்றி, குதிமுயல் இவற்றுக்கு நல்ல வாய்ப்பு.

புனுகுப்பூனை என்றதும் உனக்குத் திருப்பதி நினைவு வர வேண்டும். ஏழுமலையான் திருமேனிக்குச் சாத்துகிற புனுகு அந்தப் பூனையின் வாசனைச் சுரப்பியிலிருந்து வருவதுதான். அதன் ஆப்பிரிக்கச் சொந்தம் பெரிய உடம்பு, கண்ணைச் சுற்றி மை பூசின மாதிரி கறுப்பு. எத்தியோப்பியாவில் அதையும் கூண்டில் வைத்து வாசனைக்காக வளர்க்கிறார்கள், பாவம். நம் ஊர் மரநாயும் இதே குடும்பம். ஓட்டு வீட்டு மேலே ராத்திரி தடதடவென்று ஓடினால் பேய் என்பாளே உன் அத்தை, அந்தப் பேய். கள்ளுப்பானையில் வாய் வைக்கிற வழக்கமும் அதற்கு உண்டு. உறவுக்காரர்களில் யாருக்கு என்று பெயர் சொல்லவில்லை. சேலம் போகும்போது மஞ்சவாடிக் கணவாயில் விடிகாலையில் மெதுவாக ஓட்டு. சாலையோரம் கோடும் புள்ளியுமாக ஏதாவது கிடந்தால் நின்று பார். உயிரோடு பார்க்காத எத்தனையோ பிராணியை நான் அந்தச் சாலையில் அடிபட்டுக் கிடந்துதான் முதல்முறை பார்த்தேன்.

கென்யாவில் ராத்திரி லாட்ஜுக்கு வெளியே குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் எழுந்து ஓடாதே. அது குழந்தையில்லை, ஒரு ராத்திரிப் பிராணி; கோம்பா என்று அங்கே சொல்வார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன வகையும் உண்டு, பூனையளவு பெரியதும் உண்டு. பெரிய கண், மடங்குகிற காது, ஒரு தாவலில் ஆள் உயரத்தைத் தாண்டும். நம் தேவாங்குக்கு அது பங்காளி முறை. குணம்தான் நேர் எதிர். அது தாவும், நம்மவர் தாவவே மாட்டார்.

சிட்லிங்கிப் பக்கம் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் ஒரு புளியமரம். டார்ச் முகத்தில் சிவப்பு ஜிகினாத்தாள் கட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கழுத்து வலிக்க நின்றோம். ஒன்பதே முக்காலுக்கு உச்சிக்கிளையில் இரண்டு தணல். பீடிக்கங்கு இரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. தணல் மறைந்தது, திரும்பிக்கொண்டது போலிருக்கிறது. மறுபடி தெரிந்தபோது ஒரு முழம் கீழே இருந்தது. ஒரு கையை எடுத்து, காற்றில் நிறுத்தி, யோசித்து, அடுத்த கிளையைப் பிடித்தது. பின்னங்காலை விடலாமா வேண்டாமா என்று இன்னொரு யோசனை. திடீரென்று ஒரு கை மின்னல் மாதிரிப் போய் வந்தது. ஏதோ பூச்சி. கறமுறவென்று மெல்லும் சத்தம் கீழே வரை கேட்டது. கால் கிலோகூடத் தேறாத உடம்பு. ஒல்லியான பையனைத் ‘தேவாங்கு மாதிரி இருக்கான்’ என்று சொல்லிச் சிரிக்கிறோம். அன்றைக்குப் பிறகு நான் சொல்வதில்லை.

வெள்ளை வெளிச்சம் அந்தக் கண்ணுக்கு ஆகாது. உன் கைப்பேசியில் இருக்கும் ஃபிளாஷை ஊரிலேயே அணைத்துவிட்டுப் போ. தேவாங்கைப் பிடித்து மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் என்று படுத்தியது போதாதென்று, இப்போது படம் எடுக்கிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது: 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குக்கென்றே சரணாலயமாக அரசு அறிவித்தது. இந்தியாவில் அப்படி ஒன்று அதுதான் முதல். ஒரு பூச்சிதின்னிக்காக அத்தனை காடு என்பது எனக்கு இன்னும் நம்ப முடியாத சந்தோஷம்.

இனி, எனக்கு மிகப் பிடித்த ஜோடி. யானைமூஞ்சூறு என்று மேலே சொன்னேனே, அது மூஞ்சூறு இல்லை. எலிக் குடும்பமும் இல்லை. நீண்டு நெளியும் மூக்கு, மான் மாதிரி மெல்லிய கால். மரபணுவைப் பார்த்தால் உண்மையிலேயே யானைக்குத் தூரத்து உறவு. பிள்ளையாரையும் அவர் வாகனத்தையும் ஒரே உடம்பில் செய்து வைத்திருக்கிறது ஆப்பிரிக்கா. நம்மவர்கள் யாரும் போய் ஒரு கோயில் கட்டாதது ஆச்சரியம். பாறை இடுக்கில் முயல் மாதிரி உட்கார்ந்திருக்கும் பிம்பி என்கிற ஹைராக்ஸும் யானைக்குப் பங்காளிதான். லாட்ஜ் சாப்பாட்டு மேசைவரை வரும். இதன் மரத்து வகை ராத்திரி போடுகிற கூச்சல், எண்ணெய் காணாத கதவை யாரோ திறந்து திறந்து மூடுகிற மாதிரி இருக்கும். பயந்து வரவேற்பறைக்குப் போன் பண்ணாதே. நான் பண்ணினேன்.

இதற்கு நம் பக்கத்து ஜோடி யார் என்று கேள். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி நிற்கிறதே சேர்வராயன் மலை, ஏற்காடு, அங்கே இருக்கிறது. பார்த்தால் அணில். ஆனால் முதுகில் கோடு கிடையாது, மூக்கு கூர்மை, மீசை முடி நீளமில்லை, தோளில் வெளிறிய ஒரு கீற்று. பகலில்தான் நடமாடும், பாதி நேரம் தரையில்தான் பூச்சி தேடும். பாறைச் சரிவில் உடம்பைத் தேய்த்துப் புரளும் என்று ஏற்காட்டில் உட்கார்ந்து கவனித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அணிலும் இல்லை, மூஞ்சூறும் இல்லை. குரங்கு வகைக்குத்தான் கொஞ்சம் நெருக்கம். இதை 1850-ல் விவரித்து, மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த வால்டர் எலியட் பெயரைச் சூட்டினார்கள். ஆனால் பேரினத்துக்குப் பெயர் வைக்கிறபோது, 1913-ல், லயன் என்கிற அமெரிக்கர் தமிழுக்கு வந்தார். தமிழர்கள் இதை ‘மூங்கில் அணத்தான்’ என்று சொன்னதாக ஏற்கெனவே பதிவு இருந்தது. அதிலிருந்து ‘அனதானா’ என்று வைத்துவிட்டார். உலகத்தில் எந்த மொழியில் விலங்கியல் படித்தாலும் இந்தப் பிராணிக்குத் தமிழ்ப் பெயர்தான். அரூர்ப் பேருந்து நிலையத்தில் நின்று அணத்தான் என்று பத்துப் பேரிடம் கேட்டேன். ஒருவர் மட்டும் ‘எந்த ஊரு பஸ்ஸு?’ என்று திருப்பிக் கேட்டார்.

இது இந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லை. நைரோபியில் உன்னோடு வேனில் ஏறப்போகிற ஜெர்மன்காரர் இதற்காக ஏற்காட்டுக்கு டிக்கெட் எடுக்கக்கூடியவர். நீ அங்கே படகு விட்டுவிட்டு மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்திருக்கிறாய். நாலு தடவை.

ரேட்டல் என்கிற தேன்வளைக்கரடியைப் பற்றி நீயே கேட்டிருந்தாய், வீடியோ பார்த்தேன் என்று. எல்லாருக்கும் அது ஒன்றுதான் தெரிந்திருக்கிறது, பாம்பைக் கடித்துவிட்டுத் தூங்கி எழுகிற வீடியோ. அதன் தோல் தொளதொளச் சட்டை மாதிரி. சிறுத்தை பிடரியைக் கவ்வினாலும் உள்ளேயே திரும்பிக் கவ்வினவன் மூஞ்சியைக் கடிக்கும். சுவாஹிலியில் ன்யெகெரே. தேன்காட்டிப் பறவை அதைக் கூட்டிப்போய்த் தேன்கூட்டைக் காட்டும் என்று வழிகாட்டி உனக்குக் கதை சொல்வார். கேட்டுக்கொள். மனிதர்களை அந்தப் பறவை கூட்டிப்போவது மட்டும் கதையில்லை. வட கென்யாவின் போரானா மக்களோடு நடந்து அளந்து 1989-ல் எழுதியிருக்கிறார்கள்.

இந்த ஆப்பிரிக்க வீரர் நம் பக்கத்திலும் இருக்கிறார் என்பது உனக்குத் தெரியாது. ஒகேனக்கல்லுக்கு எதிர்க்கரை, கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தில் சஞ்சய் குப்பி குழுவினர் வைத்த தானியங்கிக் கேமராவில் விழுந்து, 2014-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பிராணிக்கு ஏது? 2022-ல் கிருஷ்ணகிரி, தர்மபுரி காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்குச் சரணாலயம் வந்ததும் இந்தத் தொடர்ச்சியை வைத்துத்தான். எண்பது சொச்சம் கிலோமீட்டர். அரூரில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் வறுவல் தின்கிற தூரம். நான் விசாரித்தவர்களில் ஒருவருக்கும் அதற்கு வழக்குப் பெயர் தெரியவில்லை.

‘காட்டுக்குள் விடுவார்களா அண்ணா?’ விடமாட்டார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், நுழையாதே. அவசியமும் இல்லை. தோப்பு, ஏரிக்கரை, கோயில் காடு, தீர்த்தமலைப் படிக்கட்டு இவையே முதல் வருடத்துக்குப் போதும்.

ஒன்றைச் சிரிக்காமல் சொல்கிறேன். சஃபாரிக்கு என்று காக்கிச் சட்டை, காக்கி பேன்ட் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் போட்டுக்கொண்டு சித்தேரி அடிவாரத்து ஊர்களில் போய் ‘இங்கே என்ன மிருகம் வரும், யார் பிடிப்பார்கள்’ என்று கேட்டுவிடாதே. வாச்சாத்தி அங்கேதான் இருக்கிறது. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று சீருடையில் வந்தவர்கள் அந்த ஊருக்கு என்னென்ன கொடுமை செய்தார்கள் என்பது உனக்குத் தெரியும். தர்மபுரி நீதிமன்றம் தண்டனை கொடுக்க 2011 ஆயிற்று. உயர் நீதிமன்றம் உறுதி செய்ய 2023. காட்டைப் பற்றி அந்த மக்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் காக்கி வந்து கேட்டால் அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. சாதாரணச் சட்டையில் போ, டீ குடி, மழை பற்றிப் பேசு. மிருகம் தானாகப் பேச்சில் வரும். வராவிட்டால் டீ குடித்ததோடு வா.

கென்யாவுக்குக் காக்கி பொருத்தம்தான். கறுப்பு, கருநீலம் வேண்டாம், ட்செட்ஸி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளைக்கு முன்பே போட்டுக்கொள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் உன்னைத் தனியறையில் உட்கார வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். உன் அம்மா முறுக்கைப் பாலிதீன் பையில் கட்டித் தருவார்கள். கென்யாவில் 2017-லிருந்து அந்தப் பைக்குத் தடை. டப்பாவில் போடச் சொல். எனக்கும் ஒரு டப்பா.

வண்டியில் ஏறியதும் ஓட்டுநரிடம் ‘எனக்குச் சிங்கம் அவசரமில்லை’ என்று முதல் வார்த்தையாகச் சொல். அவர் திரும்பி உன்னை ஒருமுறை நன்றாகப் பார்ப்பார். பிறகு காக்காகுவோனா பார்த்திருக்கிறீர்களா என்று கேள். எறும்புத்தின்னிக்கு அங்கே அந்தப் பெயர். பார்த்தாரோ இல்லையோ, அந்த நாள் முழுக்க அவர் உனக்காக வேறு மாதிரி ஓட்டுவார். எனக்கு இது ஊருக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர். சிவப்பு ஜிகினாத்தாள் நான் வாங்கி வைத்திருக்கிறேன். பாட்டி வீட்டுத் திண்ணை இப்போது சிமெண்டு ஆகிவிட்டது, போய் ஏமாறாதே. நம் வீட்டுப் பின்புறம் மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் நேற்று எண்ணினேன், பதினேழு குழி. கூட்டுகிற அம்மாவிடம் அந்த மூலையைத் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எறும்பு நீ கொண்டு வர வேண்டாம், அங்கேயே இருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணன்,
அரூர்